தோணி கவிழும்போதும் நினைப்பு இருக்க: நெருக்கடியான நாளுக்குள் இறைநினைவைப் பழக்கும் முறை

திருவொற்றியூர்ச் சிவனிடம் அப்பர் கேட்ட வரம் விசித்திரமானது. பணம் கேட்கவில்லை, நோயில்லாத உடம்பு கேட்கவில்லை. மனம் என்கிற தோணியைப் பிடித்து, அறிவு என்கிற கோலை ஊன்றி, சினம் என்கிற சரக்கை ஏற்றிக்கொண்டு கடலில் போகிறேன். ஆசை என்கிற பாறையில் மோதித் தோணி கவிழும் நேரத்தில் எனக்கு ஒன்றும் புலப்படாது. அதனால் 'உனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூருடைய கோவே' என்கிறார். நாலாம் திருமுறையில் உள்ள பாட்டு இது. தோணி, கோல், சரக்கு, பாறை எதையும் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாட்டில் ஒரு செய்முறை அடங்கியிருக்கிறது. கவிழ்கிற நேரத்தில் புதிதாக எதையும் நினைக்க முடியாது. ஏற்கெனவே பழகி ஊறியது மட்டும்தான் மேலே வரும். வாய்க்குப் பழகியது கெட்ட வார்த்தை என்றால் அது வரும், நாமம் என்றால் நாமம் வரும். அதனால் 'கஷ்டம் வரும்போது சாமியை நினைத்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவது பலிக்காது. நெருக்கடிக்கு முன்னால், அது இல்லாத நேரத்தில், சின்ன அளவில், தினமும் பழக வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழி.

'நமசிவாய' என்கிற ஐந்தெழுத்தை வைத்துச் சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டுத் தெய்வம் பெருமாளோ முருகனோ அம்மனோ என்றால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் மாற்றாதீர்கள். திங்கள் ஒரு மந்திரம், வியாழன் ஒரு மந்திரம் என்று மாற்றினால் எதுவும் நாக்கில் படியாது.

முதலில் பாறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

மூன்று நாள் ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். மனம் கொதித்த நேரம், இடம், ஆள். அவ்வளவு போதும், காரணமெல்லாம் வேண்டாம். லாரித் தண்ணீர் வரிசையில் குடம் தள்ளப்பட்ட நேரம், பிள்ளை ஷூவைத் தேடிக்கொண்டிருந்த காலை ஏழே முக்கால், சூப்பர்வைசர் ஓ.டி. சொன்ன நேரம், தினக் கடன் வசூலிக்கும் தண்டல்காரர் வரும் மாலை ஆறு, குடித்துவிட்டு வருபவர் கதவைத் தட்டும் இரவு பத்து. மூன்று நாள் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று நான்கு இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நாள் முழுக்கக் கஷ்டம் என்று தோன்றுவது உண்மைதான், ஆனால் தோணி தட்டுகிற பாறைகள் எண்ணக்கூடியவை.

ஒவ்வொரு பாறைக்கும் பத்து நிமிடம் முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் வைக்க வேண்டும். முன்னால், பின்னால் அல்ல. சண்டை முடிந்தபின் சாமிப் படத்துக்கு முன் அழுவதில் தவறில்லை, ஆனால் அது பயிற்சி ஆகாது. தண்டல்காரர் ஆறு மணிக்கு வருகிறார் என்றால் ஐந்து ஐம்பதுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, பன்னிரண்டு முறை நாமம் சொல்லுங்கள். முப்பது நாற்பது விநாடி ஆகும். அவர் வந்து பேசும் பேச்சு மாறாது. நீங்கள் பதில் சொல்லும் குரல் மாறும்.

காலைப் பத்து நிமிடம்

காலை என்பது கடிகாரம் சொல்வது அல்ல, நீங்கள் எழும் நேரம். எண்ணூர், மணலிப் பக்கம் இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வீடு வந்து படுப்பவருக்குப் பிற்பகல் இரண்டு மணிதான் காலை. இருட்டோடு மீன் ஏலத்துக்குப் போகிறவருக்கு நடுநிசி தாண்டியதும் காலை. பிரம்ம முகூர்த்தத்தில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் மூன்றாம் நாளே விட்டுப்போகும். தூங்காத உடம்பில் ஜபம் நிற்காது, கோபம்தான் நிற்கும்.

எழுந்ததும் போனைத் தொடாதீர்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் மற்றதைச் செய்து பயனில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டால் கை தானாகப் போகும். அடுக்களை மேடையில் போட்டு வையுங்கள். அலாரம் அங்கிருந்து அடித்தால் எழுந்து போய்த்தான் நிறுத்த வேண்டும், அதுவும் நல்லது. முதலில் கண்ணில் படுவது அண்ணன் அனுப்பிய குரல் செய்தியாக இருந்தால், அன்றைய ஜபம் முழுவதும் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகும். குடும்பக் குழுவில் வரும் சாமிப் படங்களும் இதில் சேர்த்திதான். படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவது வழிபாடு ஆகாது.

முகம் கழுவி, திருநீறு பூசி, கட்டில் மேல் அல்லாமல் தரையில் உட்காருங்கள். பழைய பெட்ஷீட்டை நான்காக மடித்துப் போட்டால் போதும். முட்டி வலிக்கிறவர்கள் முதுகு சாயாமல் நாற்காலியில் உட்காரலாம். கிழக்கு, வடக்கு பார்ப்பது வழக்கம். ஹவுசிங் போர்டு வீட்டில் கிழக்கே கழிவறைக் கதவு இருந்தால் இருக்கிற சுவரைப் பார்த்து உட்காருங்கள். தினமும் அதே சுவர், அதுதான் முக்கியம்.

நூற்றெட்டு மணி மாலை இருந்தால் வலக்கை நடுவிரல் மேல் போட்டுக் கட்டைவிரலால் ஒவ்வொரு மணியாக உங்கள் பக்கம் தள்ளுங்கள். ஆள்காட்டி விரல் படக்கூடாது என்பது மரபு. மாலையின் தலைமணியான நாயக மணி வந்தால் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பி வந்த வழியே போக வேண்டும். எளிதாகக் கிடைக்கும் ஐந்துமுக ருத்திராட்சமே போதும். ஒருமுகம், பதினொருமுகம் என்று ஆயிரக்கணக்கில் சொல்லும் கடைகளுக்குக் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

முதல் 27 முறை வாய்விட்டு, அடுத்த 27 முறை உதடு மட்டும் அசைய, மீதி 54 முறை மனத்துக்குள். நிதானமாக ஒரு 'நமசிவாய'வுக்கு மூன்று விநாடி வைத்தால் மொத்தம் ஐந்தரை நிமிடம். உட்காருவது, எழுவது எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடியும்.

இந்த வரிசை வீணாக வைத்ததல்ல. பலர் செய்யும் பிழை முதல் நாளே கண்ணை மூடி மனத்துக்குள் சொல்லத் தொடங்குவது. மனஜபம் உயர்ந்தது என்று கேள்விப்பட்டிருப்பார்கள். உயர்ந்ததுதான், ஆனால் பழகாதவருக்குப் பதினைந்தாவது மணிக்குள் தூக்கம் வரும், இல்லையென்றால் ரேஷன் கடை வரும். குரல் முதலில் மனத்தைக் கட்டும். குரல் சுருங்கி உதடாகி, உதடு அடங்கி உள்ளே போவதுதான் இயல்பான இறக்கம். மனத்துக்குள் சொல்லும்போது தடம் தவறினால் தவறிய இடத்திலிருந்து உதட்டுக்குத் திரும்பி வாருங்கள். முதலிலிருந்து எண்ண வேண்டாம். முதலிலிருந்து எண்ணுகிறவர் அலுத்துப்போய் மாலையை ஆணியில் மாட்டிவிடுவார்.

வெளியே ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால், சாவு மேளம் போனால், எதிர்த்து மல்லுக்கட்டாதீர்கள். அன்று 108-ம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வடசென்னைத் தெருவில் அமைதி வந்தபின் தியானம் என்றால் அந்த நாள் வரவே வராது.

மாதவிலக்கு நாட்களில் விளக்கேற்றுவதா, கோயிலுக்குப் போவதா என்பது உங்கள் வீட்டு வழக்கம். மனத்தில் நாமம் சொல்லத் தீட்டு கிடையாது. மாதம் ஐந்து நாள் விட்டுவிட்டால் பழக்கம் ஒவ்வொரு மாதமும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும், அது வேண்டாம்.

வழியில்

பேருந்திலும் ரயிலிலும் மாலையை எடுக்கத் தேவையில்லை. கட்டைவிரல் தவிர நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, ஆக ஒரு கையில் பன்னிரண்டு. வலக்கைக் கட்டைவிரல் கணு கணுவாக நகரட்டும். ஒரு சுற்று முடிந்ததும் இடக்கையில் ஒரு கணு மேலே போங்கள். இடக்கையில் ஒன்பது கணு ஆனால் 108. பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நிலையங்கள் வந்துகொண்டே இருக்கும். நிலையத்துக்கு நிலையம் போனில் ஒரு வீடியோ பார்க்கும் பழக்கத்தை முழுக்க விட வேண்டாம். முதல் மூன்று நிலையம் மட்டும் நாமத்துக்கு என்று ஒதுக்குங்கள். மெட்ரோவிலும் அப்படியே: வண்ணாரப்பேட்டையில் ஏறினால் தண்டையார்பேட்டை வரை. ஒதுக்கிய தூரம் சின்னதாக இருந்தால் மனம் பேரம் பேசாது.

இருசக்கர வண்டி ஓட்டும்போது ஜபம் கூடாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிறவர் கண்ணும் காதும் சாலையில் இருப்பதுதான் அந்த நேரத்துக்குரிய ஒழுக்கம். ரயில்வே கேட் மூடியிருந்தால் வண்டியை அணைத்துவிட்டுச் சொல்லலாம். கேட்டுக்கு அடியில் குனிந்து நுழையாமல் காத்திருப்பதே ஒரு விரதம்.

சினம் என்கிற சரக்கு

அப்பர் சினத்தை அலை என்று சொல்லவில்லை, புயல் என்று சொல்லவில்லை. சரக்கு என்கிறார். சரக்கு தானாக வந்து ஏறாது. கரையில் நின்று நாம் ஏற்றுவது. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் கோபத்தை எங்கே கையாள வேண்டும் என்பது தெளிவாகும்.

குளிக்கும்போது, சமைக்கும்போது, நடக்கும்போது மனத்துக்குள் ஒரு சண்டை ஒத்திகை ஓடும். 'அவள் இப்படிச் சொன்னால் நான் இப்படிக் கேட்பேன்.' எதிராளி அங்கே இல்லை, ஆனால் மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது. மாலையில் ஒரு சின்னச் சொல்லுக்குப் பெரிய கூச்சல் போடுவது இந்த ஒத்திகையால்தான். அதனால் கோபப் பயிற்சியின் பெரும்பகுதி ஒத்திகையைக் கண்டுபிடித்து நிறுத்துவது. ஒத்திகை ஓடுவது தெரிந்த உடனே மூன்று முறை நாமத்தை வாய்விட்டுச் சொல்லி, கையில் இருக்கும் வேலையின் பெயரைச் சொல்லுங்கள்: 'வெங்காயம் நறுக்குகிறேன்', 'சட்டை துவைக்கிறேன்.' மனம் மீண்டும் ஓடும். மீண்டும் செய்யுங்கள். முதல் வாரம் ஒரு நாளில் இருபது முப்பது முறைகூட ஆகலாம். ஓடியதைக் கவனித்ததே வெற்றி, ஓடாமல் இருப்பது பிறகு.

நேருக்கு நேர் வந்துவிட்ட கோபத்துக்கு வேறு முறை. உடம்பு முன்கூட்டியே சொல்லும். காது சூடாகும், தாடை இறுகும், குரல் ஏறும். இவற்றில் உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அது வந்ததும்:

வாயை மூடுங்கள். பேச்சை முடித்துவிட்டு மூடலாம் என்று பார்க்காதீர்கள், பாதி வாக்கியத்தில் மூடுங்கள். இயல்பாக மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விடும்போது ந, ம, சி, வா, ய என்று ஒவ்வோர் எழுத்தாக நீட்டி மனத்துக்குள் சொல்லுங்கள். எழுத்துக்கு ஒரு விநாடி. ஐந்து மூச்சு. ஒரு நிமிடத்துக்குள் முடியும். வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருக்கும்போது இதயத்துடிப்பு தணியும், அதனால்தான் எழுத்துகளை வெளிமூச்சில் வைக்கிறோம். மூச்சை அடக்கிப் பிடிக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஐந்து மூச்சுக்குப் பிறகும் சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லுங்கள். பாதி நேரம் சொல்ல ஒன்றும் இருக்காது. மீதி நேரம் சொல்ல வேண்டியது நியாயமாகவே இருக்கும், அதைத் தணிந்த குரலில் சொன்னால் கேட்பார்கள். இறைநினைவு என்றால் அநியாயத்தைச் சகித்துக்கொண்டு வாய் மூடுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். கூலி பாக்கியைக் கேட்பதும் கை ஓங்குகிறவரைத் தடுப்பதும் சினம் அல்ல.

கத்திவிட்டீர்கள், வார்த்தை போய்விட்டது என்றால் நேராகப் பூஜை அலமாரிக்குப் போகாதீர்கள். முதலில் அந்த ஆளிடம் போங்கள். காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ராயபுரத்துத் தேவாலயங்களில் வாசிக்கப்படும் மத்தேயு சுவிசேஷம் சொல்வதும் இதே வரிசைதான். பிள்ளையிடம் கத்தியிருந்தாலும் அப்படியே. 'அம்மா கத்தினது தப்பு கண்ணு' என்று ஒரு வரி போதும். 'ஆனா நீயும்தான்' என்று சேர்க்காமல் நிறுத்துவது கடினம், அங்கேதான் பயிற்சி இருக்கிறது.

கடனும் ஜபமும்

மாலையை உருட்டும்போது ஐந்தாவது மணியிலேயே வந்து நிற்பது பெரும்பாலும் பணம்தான். பத்தாயிரம் என்று பேசி, பிடித்தம் போகக் குறைத்துக் கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வாங்கும் தண்டல், செவ்வாய்க்கிழமைக் குழுக் கடன், நகை மீட்க வேண்டிய தேதி. இவற்றை ஜபத்தின் பலத்தால் விரட்டப் பார்ப்பது தவறான வழி. தொகை தெரியாத கடன்தான் மனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதிய கடன் சுற்றுவது குறைவு.

ஞாயிறு மாலை இருபது நிமிடம் வையுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்று, வட்டி எவ்வளவு: நாலு கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். கணவன் மனைவி சேர்ந்து எழுதினால் நல்லது. ஒளித்துவைத்த கடன்தான் வீட்டில் பெரிய பாறை. எழுதி முடித்து நோட்டை மூடியபின் விளக்கேற்றுங்கள், அந்த வரிசையை மாற்றாதீர்கள். வாரநாளில் ஜபத்தின் நடுவே பணக் கவலை வந்தால் 'ஞாயிற்றுக்கிழமைக்கு' என்று ஒரே சொல்லைச் சொல்லி நாமத்துக்குத் திரும்புங்கள். மனத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நிஜமாக வரும் என்று தெரிந்தால்தான் இது வேலை செய்யும். இரண்டு வாரம் கணக்கு எழுதாமல் விட்டால் மனம் உங்களை நம்பாது.

கடன் தீரப் பரிகாரம் என்று சொல்லிக் கடன் வாங்கிச் செலவழிக்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். இதைப் பார்க்கும்போது மனம் நொந்துபோகிறது. 'யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை' என்று திருமூலர் எழுதிவைத்திருக்கிறார். ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய், சாப்பிடும் முன் ஒரு கைப்பிடி, அதுவும் முடியாவிட்டால் பிறருக்கு ஓர் இன்சொல். இதற்கு மேல் கேட்கிறவர் யாராக இருந்தாலும் யோசியுங்கள்.

அந்தக் கைப்பிடியைச் செய்து பார்க்கச் சொல்வோம். தினமும் அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். ஒரு பிடி நாற்பது கிராம் என்றால் மாதத்துக்கு ஒரு கிலோ இருநூறு கிராம் சேரும். மாதக் கடைசியில், தெருவில் உங்களைவிடக் கஷ்டப்படும் வீட்டுக்குச் சத்தமில்லாமல் கொடுங்கள். கடனில் இருப்பவர் மனம் 'எனக்கு இல்லை, எனக்கு இல்லை' என்றே சுருங்கிப்போகும். தினமும் ஒரு பிடி எடுத்துவைக்கும் கை அந்தச் சுருக்கத்தைப் பிரிக்கிறது. ரேஷன் அரிசியில் எடுத்தாலும் சரிதான்.

சாயங்கால விளக்கு

அகலில் இரண்டு மூன்று தேக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு பஞ்சுத் திரி. திரியை அகல் விளிம்புக்கு வெளியே அரை சென்டிமீட்டர் மட்டும் விடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் சுடர் பெரிதாகிப் புகையும், ஒற்றை அறை வீட்டில் சுவர் கறுக்கும், குழந்தை இருமும். திரி எண்ணெயில் முழுக்க நனைந்தபின் ஏற்றுங்கள், காய்ந்த திரியைப் பற்றவைத்தால் நுனி கருகி அணைந்துபோகும். கீழே ஒரு தட்டு வையுங்கள். திரைச்சீலையும் கேஸ் குழாயும் பக்கத்தில் இருக்கக்கூடாது. வெளியே போகும் முன் அணைத்துவிடுங்கள்.

அலமாரியில் ஒரு படம், அதிகம் போனால் இரண்டு. போகிற கோயிலிலெல்லாம் வாங்கிய படங்களை அடுக்கினால் கண் எங்கும் நிற்காது, துடைக்கவும் முடியாது. விளக்குக்கு முன் வீட்டில் இருக்கிறவர்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டைச் சேர்ந்து பாடினால் போதும். பிள்ளைகளை வலுக்கட்டாயமாக உட்காரவைக்காதீர்கள். திரி போடும் வேலையை அவர்களிடம் கொடுத்தால் தானாக வந்து உட்காருவார்கள்.

இந்த விளக்கைப் பற்றித் திருவொற்றியூரில் பேசும்போது கலிய நாயனாரை விட முடியாது. செக்கார் குலத்தவர், எண்ணெய் வியாபாரத்தில் வசதியாக இருந்தவர். ஒற்றியூர்க் கோயிலில் உள்ளும் புறமும் விளக்கேற்றிவந்தார். செல்வமெல்லாம் போனபின் கூலிக்குச் செக்காட்டி, அந்தக் கூலியில் ஏற்றினார். எண்ணெய்க்கு வழியில்லாதபோது தன் ரத்தத்தையே விளக்கில் வார்க்கத் துணிந்தார் என்பது அவர் கதையின் முடிவு, அது நம்மால் ஆவதல்ல. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நடுப்பகுதி: வருமானம் விழுந்தபோது தொண்டு நிற்கவில்லை, அளவும் வழியும் மாறியது. வேலை போன மாதத்தில் நெய் விளக்கு வேண்டாம். ஒரு திரி எரியட்டும்.

மனம் ஒட்டாத நாட்கள்

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு வறட்சி வரும். ஜபம் வெறும் எண்ணிக்கையாகும், விளக்கு வேலையாகும், 'இதனால் என்ன ஆகிறது' என்று தோன்றும். அநேகம் பேர் விடுவது இங்கேதான். பிரசங்கமோ பாட்டோ கேட்டு உருக்கத்தைத் திரும்ப வரவழைக்கப் பார்ப்பார்கள். அது ஒரு நாள் தாங்கும்.

ஒற்றியூர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். வருடம் முழுவதும் கவசம் சாத்தியே இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் எடுத்துப் புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். அந்த மூன்று நாள் கூட்டம் அலைமோதும். ஆனால் மற்ற நாட்களிலும் கால பூஜை நிற்பதில்லை, கவசத்துக்கு முன்னால்தான் அத்தனை பூஜையும் நடக்கிறது. வறண்ட நாளில் உருக்கத்தைத் தேடாதீர்கள். எண்ணிக்கையைப் பாதியாக்கி, 54 மட்டும், முழுக்க வாய்விட்டுச் சொல்லி எழுந்துவிடுங்கள். இடத்தையும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள்.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யக்கூடாது. இரண்டு நாள் தவறினால் இரட்டிப்பு நாலாகும், நாலாவது நாள் பயமாகி விட்டுவிடுவீர்கள். தவறியது போகட்டும், அன்றன்றைய அளவு அன்றைக்கு.

சாமி முன்னால் பெரிய சத்தியமும் செய்யாதீர்கள். 'இனிமேல் கோபப்படவே மாட்டேன்' என்று கற்பூரம் அணைக்கும் வழக்கம் உண்டு. இதே ஒற்றியூரில் மகிழமரத்தடியில் 'உன்னைப் பிரியேன்' என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது கண்ணிழந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தம்பிரான் தோழருக்கே அந்த நிலை. 'இன்றைக்கு ராத்திரி வரை பார்த்துக்கொள்கிறேன்' என்பது நம் அளவுக்குச் சரியான வாக்கு.

யாரோடு இருக்கிறோம்

வள்ளலார் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வளர்ந்தவர். கந்தகோட்டத்து முருகனிடம் அவர் முதலில் வேண்டியவற்றில் ஒன்று 'ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற உத்தமர்தம் உறவு வேண்டும்' என்பது. நினைப்பைத் தனியாகக் காப்பாற்ற முடியாது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. வாரம் ஒரு முறை சேர்ந்து பாடவோ சும்மா கோயில் பிரகாரத்தில் உட்காரவோ ஒரே ஒருவர் கிடைத்தால் போதும். அவர் உங்களிடம் கடன் கேட்கிறவராகவும் நீங்கள் அவரிடம் கேட்கிறவராகவும் இல்லாதிருப்பது நல்லது. ஊர் வம்பு பேசும் திண்ணையை ஒரேயடியாக வெட்டினால் பகை வரும். உட்காரும் நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

பௌர்ணமி வெள்ளியில் மேலூர் திருவுடையம்மன், ஒற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கிறவர்கள் தாராளமாகப் போய்வாருங்கள். அது தினப் பத்து நிமிடத்துக்கு மேல் சேர்வது, அதற்கு ஈடு ஆகாது.

படுக்கும் முன்

விளக்கை அணைத்தபின் மூன்று கேள்வி: இன்று எங்கே தட்டியது? தட்டும் முன் நினைப்பு வந்ததா, தட்டியபின் வந்ததா, வரவே இல்லையா? நாளைக்கு அந்த நேரத்துக்கு முன் நிறுத்தத்தை எங்கே வைக்கலாம்? அந்தப் பழைய நோட்டில் 'முன்', 'பின்', 'இல்லை' என்று ஒரு சொல் எழுதினால் போதும். பழக்கம் சரியாகப் போனால் 'இல்லை' குறைந்து 'பின்' கூடும், அதற்கப்புறம்தான் 'முன்' தலைகாட்டும். 'பின்' வந்துகொண்டிருந்தால் தோற்கிறோம் என்று எண்ண வேண்டாம், சரியான வழியில் இருக்கிறீர்கள். தன்னைத் திட்டிக்கொண்டு தூங்கப் போவது பணிவு ஆகாது, காலையில் அது சரக்காக ஏறி நிற்கும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது, எண்ணிக்கை தவறிவிட்டதோ என்று அஞ்சி மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஜபிக்கிறீர்கள் என்றால் அது பக்திக் குறைவால் வருவதல்ல. அது நோய், மருந்து உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் பார்க்கலாம். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நாமம் சொல்லலாம்.

இதை 48 நாள், ஒரு மண்டலம், சொன்னதற்கு மேல் எதையும் கூட்டாமல் செய்யுங்கள். முதல் வாரம் போனை விலக்குவதும் காலை ஜபமும் மட்டும். இரண்டாம் வாரம் ஒரு பாறைக்கு முன் ஒரு நிறுத்தம். மூன்றாம் வாரம் விளக்கும் கைப்பிடி அரிசியும். இரவு நோட்டு நாலாம் வாரம். மண்டலம் முடிந்ததும் ஜபத்தை இருநூற்றுப் பதினாறாக ஆக்கத் தோன்றும். ஆக்காதீர்கள். அடுத்த பாறையை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் பன்னிரண்டு முறை சொல்லத் தொடங்குங்கள்.